பெயர் அச்சாகாத உழைப்புக்கு மதிப்பு உண்டா?

கேள்வி – மெய்ப்பர் மகள்

என் தந்தையார் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துபவராக இருந்தார். ஈய எழுத்துகளைக் கையால் கோத்த காலம் அது. 1978இல் ‘ணை’, ‘லை’, ‘றா’ போன்றவற்றின் வடிவம் மாறியபோது, பழையதும் புதியதும் ஒரே பக்கத்தில் கலந்து வந்த புரூஃப்களை வீட்டுக்கு எடுத்து வந்து நள்ளிரவு வரை திருத்துவார். விடுபட்ட ஒற்றெழுத்தை மட்டுமல்ல, நூலாசிரியர் தவறாக எழுதிய ஆண்டையும் கண்டுபிடித்து ஓரத்தில் பணிவாகக் குறித்து அனுப்புவார். எந்த நூலிலும் அவர் பெயர் இல்லை. சென்ற மாதம் காலமானார். துக்கம் கேட்க வந்த உறவினர் ஒருவர், “அப்பா என்னம்மா சாதித்தார்?” என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

மறுமொழி – சுவடிப்பித்தன்

அம்மா, உங்கள் தந்தையார் ஒரு நீண்ட வரிசையில் நின்றவர். பனையோலை சில நூற்றாண்டுகளில் செல்லரித்தோ பொடிந்தோ போய்விடும். ஆகவே, ஈராயிரம் ஆண்டுப் பழமையுள்ள ஒரு பாட்டு இன்று நம் கையில் இருக்கிறதென்றால், ஏடு அழியுமுன் யாரோ ஒருவர் எழுத்தாணி பிடித்து அதைப் புதிய ஓலையில் படியெடுத்தார் என்றும், அவர் ஏடு நைந்தபோது இன்னொருவர் அதையே செய்தார் என்றும் பொருள். ஓலையில் புள்ளி வைப்பது அரிது. துணைக்காலுக்கும் (ா) ரகரத்துக்கும் வேறுபாடு தெரியாது. பொருள் உணராமல் அதைப் பிழையின்றிப் படியெடுக்க முடியாது. அந்தப் புலமையாளர்களில் மிகப் பலருடைய பெயர் நமக்குத் தெரியாது. குறுந்தொகையில் சில புலவர்களின் இயற்பெயரே மறைந்து, ‘செம்புலப்பெயனீரார்’, ‘அணிலாடு முன்றிலார்’ என்று அவரவர் பாட்டின் தொடரே பெயராகிவிட்டது.

மறுமொழி – தஞ்சை வாசகர்

மேலே எழுதியவரோடு பெரிதும் உடன்படுகிறேன். ஒன்றில் மட்டும் மாறுபடுகிறேன். பெயர் மறைந்ததை அழகாகச் சொல்லிச் சொல்லியே, பெயரைச் சொல்ல வேண்டிய கடமையிலிருந்து நாம் நழுவிவிடுகிறோம். 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர், ஏடு கொடுத்தவர்களையும் உடன் உழைத்தவர்களையும் தம் முகவுரைகளில் பெயர் சொல்லி நன்றி பாராட்டியவர். ஒரு வரி போதும். அந்த ஒரு வரியை உங்கள் தந்தையாருக்கு ஒருவரும் கொடுக்காதது குறைதான்; ஆனால் அது அவர் வேலையின் குறை அன்று. அவர் திருத்திய நூல்கள் எவை என்று உங்களுக்கு நினைவிருக்கிறதா?

மறுமொழி – மெய்ப்பர் மகள்

இருவருக்கும் நன்றி, ஐயா. பரணில் ஒரு தகரப்பெட்டி நிறைய அவருடைய பழைய புரூஃப் தாள்கள் இருக்கின்றன. சிவப்பு மை இன்னும் மங்கவில்லை. நேற்றிரவு அம்மாவும் நானும் உட்கார்ந்து, தாளின் தலைப்பைப் பார்த்து நூற்பெயர்களை ஒரு நோட்டில் எழுதத் தொடங்கினோம். இதுவரை நாற்பத்திரண்டு வந்திருக்கிறது. பெட்டியில் பாதிகூட முடியவில்லை.