கண்ணுக்கு ஒரு மலை
(சேலம் ‘அஸ்தம்பட்டி வீடு’ வாட்ஸ்அப் குழு)

மலர்: காலை வணக்கம். மணி ஏழு ஆகிறது, ஜெய்சல்மேரில் இன்னும் விடியவில்லை.

அம்மா: ஸ்வெட்டர் போட்டாயா?

மலர்: இரண்டு போட்டிருக்கிறேன் அம்மா.

ஏற்காடு மாமா: பாலைவனத்தில் குளிரா! எங்கள் குளிருக்கு ஓடினவள்தானே நீ?

மலர்: உங்களுடையது ஈரக் குளிர் மாமா. இது காய்ந்த குளிர், உதடு வெடிக்கிறது. மேகமும் இல்லை, ஈரமும் இல்லை. பகலில் வாங்கிய சூடெல்லாம் இரவிலேயே போய்விடுகிறது. அம்மா கொடுத்த தட்டுவடை டப்பா திறந்தே கிடக்கிறது, இன்னும் நமுக்கவில்லை.

கவின்: மணல்மேடு போட்டோ எங்கே அக்கா?

மலர்: அதற்கு 40 கிலோமீட்டர் தள்ளி சம் என்ற ஊருக்குப் போக வேண்டும்டா. இங்கே கல்லும் சரளையும் முள்ளும்தான். நானும் மணல் கடலை நினைத்துத்தான் வந்தேன். முதலில் கண்ணில் பட்டது எருக்கு! அப்புறம் நம்ம சீமைக்கருவேலம். இங்கே அதற்கு ‘விலாயதி பபூல்’ என்று பெயர். அதாவது, சீமைக் கருவேலம்.

சித்தி: அந்த முள்ளுக்கு எல்லா ஊரிலும் பட்டா போட்டுக் கொடுத்துவிட்டார்கள் போல 😄

மலர்: [படம்] பாட்டி, இது என்ன மரம்? கேஜ்ரி என்கிறார்கள்.

பாட்டி (கவின் தட்டச்சு): வன்னிடி. பிள்ளையாருக்கு இலை பறிப்போமே!

பெரியப்பா: வன்னியேதான். ராஜஸ்தானின் மாநில மரம். 1730-இல் ஜோத்பூர் அருகே கேஜர்லியில் இதை வெட்ட அரண்மனை ஆட்கள் வந்தபோது, அமிர்தா தேவி மரத்தைக் கட்டிக்கொண்டு உயிரை விட்டார். அவரோடு சேர்த்து 363 பிஷ்னோய் சமூகத்து மக்கள்.

மலர்: ஐயோ பெரியப்பா, அதன் காயைத்தான் நேற்று கம்பு ரொட்டிக்குத் தொட்டுக்கொண்டேன். சாங்கரி. கொத்தவரை வற்றல் மாதிரி இருந்தது.

அம்மா: தண்ணீர் ஒழுங்காக வருகிறதா?

மலர்: என் அறையில் வருகிறது. கிராமத்தில் ஒரு வீட்டில் டாங்கா பார்த்தேன். தரைக்குள் வட்டத் தொட்டி. சுற்றிலும் மண்ணைச் சரித்து மழைநீரை இறக்குகிறார்கள். மூடிக்குப் பூட்டு! அந்த அம்மா கொடுத்த சொம்பில் பாதி குடித்துவிட்டு மீதியைக் கீழே ஊற்றப் போனேன். சட்டென்று கையைப் பிடித்துவிட்டார். வாங்கி ஆட்டுக்கு வைத்தார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

சித்தி: தெரியாமல் செய்தது, விடு.

மலர்: மற்றதெல்லாம் பழகிவிடும் சித்தி. ஆனால் சேலத்தில் எங்கே நின்றாலும் ஒரு மலை தெரியும். சேர்வராயன் தெரிந்தால் வடக்கு, கஞ்சமலை தெரிந்தால் மேற்கு. இங்கே நாலு பக்கமும் வானம் தரையில் வந்து உட்கார்ந்திருக்கிறது. நேற்று கடைக்குப் போய்விட்டு எதிர்த்திசையில் ஒரு கிலோமீட்டர் நடந்திருக்கிறேன்.

ஏற்காடு மாமா: இந்தா, மலை. இப்போது மாடியில் எடுத்தது. [படம்]

கவின்: மாமா, வெறும் வெள்ளையாக இருக்கிறது.

ஏற்காடு மாமா: பனிடா. பத்து மணிக்கு விலகும், மறுபடி அனுப்புகிறேன்.

மலர்: சரி மாமா. மறக்காதீர்கள்.