உடன் பணியாற்றுபவரைக் கவனித்துக்கொள்ளும் 108 ஆம்புலன்ஸ் ஊழியர்களை எப்படிப் பாராட்டுவது?

தண்டையார்பேட்டை வாசி:
வணக்கம். ஏப்ரல் 2, அவசர மருத்துவ உதவியாளர் தினத்தன்று, எங்கள் பகுதியில் நிற்கும் 108 வண்டியின் ஊழியர்களைக் குடியிருப்போர் சங்கம் சார்பில் கௌரவிக்க எண்ணியுள்ளோம். சென்ற கோடையில் எண்ணூர் விரைவுச்சாலையில், கண்டெய்னர் லாரி வரிசைக்கு நடுவே, ஓட்டுநருக்குக் கை நடுங்கி வியர்த்துக் கொட்டியதைக் கண்ட உதவியாளர், அவரை நிழலில் அமர்த்தி, சர்க்கரை அளவைச் சோதித்து, குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்து, கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்லி அடுத்த அழைப்பை வேறு வண்டிக்கு மாற்றச் செய்ததை எங்கள் உறுப்பினர் ஒருவர் நேரில் பார்த்தார். இத்தகையவரைச் சால்வை போர்த்துவதன்றி வேறு எவ்வகையில் பாராட்டலாம்?

முன்னாள் உதவியாளர்:
வண்டியில் இருப்பது இருவர்தான். பன்னிரண்டு மணி நேரப் பணி முடியும்வரை ஒருவருக்கு மற்றவரே துணை. நீங்கள் பார்த்தது வெளியே தெரிந்த சம்பவம். ஓடும் வண்டியில் பயன்படுத்திய ஊசி உதவியாளரின் விரலில் குத்திவிட்டால், "ஒன்றுமில்லை, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்றுதான் அவர் சொல்வார். நோயாளியை ஸ்டான்லி மருத்துவமனையில் ஒப்படைத்த கையோடு அவரைக் குழாயடிக்கு அழைத்துச் சென்று, சோப்புப் போட்டுக் கழுவவைத்து, அங்கேயே மருத்துவரிடம் காட்டாமல் விடாதவர் ஓட்டுநராகத்தான் இருப்பார். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவையென மருத்துவர் கருதினால், அதை முடிந்தவரை விரைவாக, எப்படியும் 72 மணி நேரத்துக்குள் தொடங்கி, 28 நாள் விடாமல் உட்கொள்ள வேண்டும். வீட்டுக்குப் போய் யோசிக்கலாம் என்று தள்ளிப்போட்டவருக்கு அந்தக் கெடு எளிதில் கடந்துவிடும். நோயாளிக்குச் செய்த சிகிச்சை பதிவேட்டில் ஏறும், இது ஏறாது. ஆகவே தேதி, நேரம், வண்டி எண், செய்த உதவி ஆகியவற்றைக் குறிப்பிட்டு மாவட்ட மேலாளருக்கு ஒரு கடிதம் அனுப்புங்கள். "சிறப்பாகப் பணியாற்றினார்" என்ற பொதுவான வரியால் ஒரு பயனும் இல்லை.

ராயபுரம் மருந்தாளுநர்:
கடிதத்துக்கு முன் அந்த ஓட்டுநரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். சக ஊழியரைப் புகழ்வதாக நினைத்து, இவருக்குச் சர்க்கரை இறங்கியதை மேடையில் சொல்லிவிட்டால், வண்டி ஓட்டும் வேலையில் இருப்பவருக்கு அது தலைவலியாக முடியலாம். அவர் தயங்கினால், உதவியாளரின் கவனத்தை மட்டும் எழுதி நோயின் பெயரை விட்டுவிடலாம்.

திருவொற்றியூர் ஆசிரியை:
மருத்துவ உதவியாளர்களில் பெண்களும் இருக்கிறார்கள். வண்டி சாலையோரம் நிற்கும் இடத்தில் கழிப்பறை இல்லையென்றால், தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டு வெயிலில் பணியாற்றுவார்கள். உங்கள் சங்கக் கட்டடத்தில் கழிப்பறை இருந்தால், இரவுப் பணியிலும் பயன்படும்படி ஒரு சாவியை அவர்களிடம் கொடுத்துவையுங்கள்.

தண்டையார்பேட்டை வாசி:
நன்றி. ஓட்டுநரிடம் நாளை பேசுகிறோம். சங்கக் கட்டடத்தின் கழிப்பறை இரவு ஒன்பதுக்கு மேல் பூட்டப்படுகிறது. சாவி குறித்து ஞாயிறு கூட்டத்தில் முடிவெடுத்துவிட்டு இங்கே தெரிவிக்கிறேன்.