மூன்றாவது பிடி மண்

மாற்று மதத்து நண்பர்களின் வீட்டில் உண்ட பிரியாணியையும் பொங்கலையும் பற்றி இங்கே அன்பர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். உண்பதில் எவருக்கும் சங்கடம் இல்லை. நம்பிக்கையே குறுக்கே வந்து நின்ற ஓர் இடத்தைப் பற்றி எழுதலாம் என்று தோன்றுகிறது.

நான் கல்லூரிக் காலத்திலேயே கடவுள் நம்பிக்கையை விட்டவன். திருச்சியில் முதல் வேலையில் சேர்ந்தபோது என்னோடு அறையைப் பகிர்ந்துகொண்ட நாகூர்க்காரன் ஐந்து வேளையும் தொழுபவன். ஆனால் இடி விழுந்தாலும் எழாத உறக்கம் உடையவன். ரமலான் மாதம் முழுவதும், நோன்பு தொடங்கும் முன் விடியற்காலையில் உண்ணும் சஹர் உணவுக்காக அவனை நான்கு மணிக்கு உலுக்கி எழுப்பும் பொறுப்பு, கடவுள் இல்லை என்று அவனிடம் நள்ளிரவு வரை வாதாடிய என் தலையில்தான் விழுந்தது. ஒருநாள் நானும் அயர்ந்து தூங்கிவிட, அவன் ஒரு மிடறு தண்ணீர்கூட அருந்தாமல் அன்றைய நோன்பை நோற்றான். அன்று மாலை வரை அவனைவிட எனக்குத்தான் நாக்கு வறண்டது.

ராஜாஜியும் பெரியாரும் கொள்கையில் எவ்வளவோ மோதியவர்கள். ஆயினும் 1972 டிசம்பரில் ராஜாஜி மறைந்தபோது, 93 வயதுப் பெரியார் சக்கர நாற்காலியில் சுடுகாட்டுக்கு வந்து கண்ணீர் விட்டதை எங்கள் வாதங்களில் நான் பெருமையாகச் சொல்வதுண்டு. "அழுதார், சரி. சடங்கு நடந்தப்ப அவர் கை என்ன செஞ்சுது?" என்று அவன் ஒருமுறை கேட்டான். என்னிடம் பதில் இல்லை.

சில ஆண்டுகள் கழித்து அவனுடைய வாப்பா காலமானார். இறந்தவருக்காகத் தொழும் ஜனாஸா தொழுகையில் குனிவதோ நெற்றியைத் தரையில் வைப்பதோ கிடையாது. அனைவரும் நின்றபடியே தொழுவர். ஆகவே சற்றுத் தள்ளி நின்றிருந்த எனக்கும் வரிசையில் நின்றவர்களுக்கும், தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு அதிக வேறுபாடு தெரிந்திருக்காது. மையவாடி என்னும் அடக்கத்தலம் வரை, உடலை வைத்த சந்தூக்குப் பெட்டியைத் தோள் மாற்றித் தோள் மாற்றிச் சுமந்தவர்களில் நானும் ஒருவன். அதிலும் எனக்குத் தயக்கம் எழவில்லை. கபுர்க் குழியை மூடும் நேரத்தில் அவனுடைய மாமா என் பக்கம் திரும்பி, "நீங்களும் மூணு பிடி மண் போடுங்க தம்பி" என்றார்.

அந்த மூன்று பிடிக்கும் ஓதப்படும் வசனத்தின் பொருளை அவனே எனக்கு முன்பு சொல்லியிருக்கிறான்: மண்ணிலிருந்தே உங்களைப் படைத்தோம், மண்ணுக்கே உங்களைத் திருப்புவோம், மண்ணிலிருந்தே உங்களை மீண்டும் எழுப்புவோம். முதல் இரண்டில் எனக்கு மறுப்பு இல்லை. மூன்றாவது பிடியை அள்ளியதும் கை நின்றுவிட்டது. விரலிடுக்கில் ஈர மணல் ஒழுகிக்கொண்டிருக்க, அவன் என்னைப் பார்த்தான். பிறகு போட்டேன்.

ஒரு மாதம் கழித்துத் தேநீர்க் கடையில் அவனாகவே பேச்சை எடுத்தான். "ரெண்டோட நிறுத்தியிருந்தாலும் எனக்கு வருத்தம் இருந்திருக்காதுடா" என்றான். எனக்கு இருந்திருக்கும் என்று சொன்னேன்.

மறுமொழி

தங்கள் பதிவைப் படித்ததும் எனக்கு என் தோழியின் நினைவு வந்தது. நான் கத்தோலிக்கக் குடும்பத்தைச் சேர்ந்தவள். அவள் கருஞ்சட்டைக் குடும்பத்தில் வளர்ந்தவள். தஞ்சாவூரிலிருந்து வேளாங்கண்ணிக் கொடியேற்றத்துக்கு நாங்கள் நடந்தே சென்ற ஆண்டில், கொப்புளத்துக்கான களிம்பையும் பஞ்சையும் எடுத்துக்கொண்டு அவளும் உடன் வந்தாள். நாங்கள் ஜெபமாலை சொல்லும்போதெல்லாம் வாய் திறவாமல் பக்கத்திலேயே நடப்பாள். இரண்டாம் நாள் இரவு, களைப்பில் என் அத்தை மணியைத் தவறவிட்டு, எத்தனை 'அருள் நிறைந்த மரியே' சொன்னோம் என்று தெரியாமல் திகைத்து நின்றார். "ஏழு முடிஞ்சிருக்கு அத்தை, இன்னும் மூணு" என்றாள் அவள்.