தம் அடிப்பதை விட்டு 5 வாரம்: 4 கிலோ ஏறிவிட்டது, தூக்கம் போய்விட்டது. ஜிம்மை என்ன செய்வது?

லேத்து_பையன்:

வணக்கம். வயது 31, உயரம் 5 அடி 8 அங்குலம். கோவை கணபதியில் ஒரு சின்ன ஒர்க்‌ஷாப்பில் சிஎன்சி (கம்ப்யூட்டர் கடைசல்) மெஷின் ஓட்டுகிறேன், பம்பு ஷாஃப்ட் வேலை. 12 வருடமாகத் தம். பகல் ஷிஃப்ட்டில் பத்து, நைட் என்றால் பதினான்கு. ஜிம்முக்குப் போக ஆரம்பித்து இரண்டரை வருடம். ஆமாம், இரண்டும் சேர்ந்துதான் ஓடியது. காலை ஏழு மணிக்கு ஜிம் வாசலில் ஒரு கையில் ஷேக்கர், இன்னொரு கையில் கிங்ஸ் வைத்துக்கொண்டு நிற்கிற ஆள் நான்தான். "ஓட்டைக் குடத்துல தண்ணி ஊத்திட்டிருக்க" என்று சொல்லிச் சொல்லி மாஸ்டருக்கே அலுத்துப்போய்விட்டது.

விட்டது எப்படி என்றால், ஒரு நாள் 60 கிலோவில் ஸ்குவாட். 12வது ரெப்பில் கால் இன்னும் போகும் என்கிறது, மூச்சு முடியாது என்கிறது. கம்பியை ராக்கில் வைத்துவிட்டு இருமினேன் பாருங்கள், காலையில் தின்ற வாழைப்பழம் வெளியே வந்துவிட்டது. பக்கத்தில் இருந்த பிளஸ் டூ பையன் ஒன்றும் சொல்லாமல் தண்ணி பாட்டிலை நீட்டினான். அன்று மதியம் பாக்கெட்டில் மிச்சமிருந்த மூன்றையும் மெஷின் கூலன்ட் ட்ரேயில் முக்கிப் போட்டேன். குப்பையில் போட்டால் மாலை திரும்ப எடுப்பேன் என்று எனக்கே தெரியும்.

இப்போது 5 வாரம். ஒன்று கூட அடிக்கவில்லை. ஆனால்,

எடை 68லிருந்து 72. பேன்ட் கொக்கி மாட்ட மூச்சைப் பிடிக்க வேண்டியிருக்கிறது. ராத்திரி படுத்தால் இரண்டு மணி வரை முழிப்பு, நெஞ்சு டக் டக் என்று காதில் கேட்கிறது. கை நடுங்குகிறது. 20 மைக்ரானுக்குள் நிற்க வேண்டிய வேலை எனக்கு. மைக்ரோமீட்டர் பிடித்தால் ஒரே ஷாஃப்ட்டை மூன்று முறை அளக்கிறேன், மூன்று அளவு வருகிறது. தம் அடித்த காலத்தில் கூட இப்படி ஆனதில்லை.

மாஸ்டர் ஒரு ஃபேட் பர்னர் டப்பா சொல்கிறார். ஷிஃப்ட் நண்பன், "ஒரு நாளைக்கு ரெண்டே ரெண்டு அடி, எடை தானா இறங்கும்" என்கிறான். உண்மையைச் சொன்னால் அவன் சொல்வதுதான் மனதுக்குப் பிடித்திருக்கிறது. அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

மாத்திரை_அட்டை:

தம்பி, முதலில் இதைச் சொல்லுங்கள். ஒரு நாளைக்குக் காபி, டீ எத்தனை? ஜிம்முக்கு முன்னால் ஏதாவது பவுடர் கலந்து குடிக்கிறீர்களா? நிகோடின் சுவிங்கம் உண்டா?

லேத்து_பையன்:

அக்கா, காலை 5 மணிக்கு ஒரு கட்டங்காபி. பிறகு ப்ரீ ஒர்க்கவுட் ஒரு ஸ்கூப், டப்பாவில் 200 மி.கி. காஃபின் என்று போட்டிருக்கிறது. வேலையில் நான்கு டீ, மாலை ஒரு காபி. எல்லாம் வருடக்கணக்காக இருக்கிற அளவுதான், புதிதாக எதுவும் கூட்டவில்லை. சுவிங்கம் 2 மி.கி., நாளைக்கு ஐந்தாறு. டீ குடிக்கும்போது போட்டு மெல்லுவேன், அப்போதுதானே தம் ஞாபகம் வரும். சும்மா விக்கல்தான் வருகிறது.

புகைவண்டி:

வேப்புக்கு மாறிடு சகோ. எடையும் ஏறாது, மூச்சும் வாங்காது.

மாத்திரை_அட்டை:

புகைவண்டி, வேப், அதாவது மின் சிகரெட், இந்தியாவில் 2019இலிருந்து தடை. விற்பதே குற்றம். மறைத்து விற்கிறவனிடம் வாங்குகிற குப்பிக்குள் என்ன இருக்கிறது என்று யார் சொல்வது? விடுங்கள்.

தம்பி, நான் மருந்துக்கடையில் 19 வருடமாக இருக்கிறேன். நீங்கள் புதிதாக எதையும் கூட்டவில்லை என்கிறீர்களே, வினையே அங்கேதான். காஃபினை உடைத்து வெளியேற்றுவது கல்லீரலில் இருக்கும் ஒரு நொதி. சிகரெட் புகையில் இருக்கும் தார் சரக்கு அந்த நொதியை முடுக்கிவிடும். அதனால் புகைப்பவர்களுக்குக் காபி சீக்கிரம் கரைந்துவிடும், ஆறு டம்ளர் குடித்தாலும் தூங்குவார்கள். புகையை நிறுத்திய சில நாளிலேயே அந்த முடுக்கம் இறங்கத் தொடங்கும். குடிக்கிற காபி அதே அளவு, ரத்தத்தில் தங்குகிற காஃபின் மட்டும் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. உங்கள் 200 மி.கி. ஸ்கூப் இப்போது உங்கள் உடம்புக்கு 400 மாதிரி. அதற்கு மேல் காபி, டீ. கை நடுங்காமல் என்ன செய்யும்?

இந்த முடுக்கம் புகையால் வருவது, நிகோடினால் அல்ல. அதனால் சுவிங்கம் மென்றாலும் அது திரும்பி வராது. (ஒரு கிளைச் செய்தி: உங்கள் வீட்டில் மூச்சிரைப்புக்குத் தியோஃபிலின் சாப்பிடுகிற பெரியவர் யாராவது பீடியை விட்டால் டாக்டரிடம் கட்டாயம் சொல்லச் சொல்லுங்கள். அந்த மருந்தும் இதே வழியில்தான் கரைகிறது, அளவை மாற்ற வேண்டி வரும்.)

ஃபேட் பர்னர் பற்றிக் கேட்டீர்கள். டப்பாவைத் திருப்பி மூலப்பொருள் பட்டியலைப் படியுங்கள். பெரும்பாலானவற்றில் காஃபின் இருக்கும். எரிகிற வீட்டில் நெய் ஊற்றுகிற கதை. வேண்டாம்.

செய்ய வேண்டியது: ப்ரீ ஒர்க்கவுட்டை மூடி வையுங்கள். காலையில் ஒரு காபி, வேலையில் இரண்டு டீ, மதியம் இரண்டு மணிக்கு மேல் எதுவும் கிடையாது. திடீரென்று முழுதாக நிறுத்தாதீர்கள், தலைவலி வரும். அதைத் தம் தலைவலி என்று நினைத்துக் கடைக்கு ஓடுவீர்கள்.

சுவிங்கம் விஷயத்தில் பாதிப் பேர் உங்கள் மாதிரிதான். அது பபுள்கம் அல்ல. மெதுவாக நான்கைந்து தடவை மெல்லுங்கள், நாக்கில் காரமாக ஒரு சுருக்கு வரும். உடனே நிறுத்திக் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கி வையுங்கள். சுருக்கு அடங்கியதும் மறுபடி மெல்லுங்கள். அரை மணி நேரம் ஓடும். நிகோடின் வாய்த் தோல் வழியாகத்தான் ஏற வேண்டும். எச்சிலோடு விழுங்கினால் விக்கலும் நெஞ்செரிச்சலும்தான் மிச்சம். காபி, டீ, ஜூஸ் குடித்துக் கால் மணி நேரம் ஆகாமல் போடவே கூடாது, வாயில் புளிப்புத்தன்மை இருந்தால் ஏறாது. நீங்கள் ஐந்து வாரமாகச் சுவிங்கம் இல்லாமலேயே தாக்குப்பிடித்திருக்கிறீர்கள் என்றுதான் நான் சொல்வேன்.

எழுந்த அரை மணி நேரத்துக்குள் முதல் சிகரெட் பிடித்தவர்களுக்கு 4 மி.கி. சரிப்படும், அதற்கு டாக்டர் சீட்டு வேண்டும். 2 மி.கி. சீட்டு இல்லாமல் கிடைக்கும். காபியைக் குறைத்து ஒரு வாரம் ஆகியும் படபடப்பு நிற்கவில்லை என்றால் ஈசிஜி எடுத்துப் பாருங்கள். நெஞ்சு வலி, மயக்கம் என்றால் ஒரு வாரமெல்லாம் காத்திருக்காதீர்கள், அன்றே போங்கள்.

பழைய_ரெய்டர்:

தம்பி, அக்கா மருந்தைச் சொல்லிவிட்டார், நான் எடையைச் சொல்கிறேன். எனக்கு 46. ஒட்டன்சத்திரம் பக்கம். இருபது வயதில் ஊர்க் கபடியில் நான் பாடிப் போனால் பந்தயம்தான். கபடியில் மூச்சு விடாமல் பாட வேண்டும், தெரியும்தானே. தம் ஏற ஏற, எதிராளி கோட்டைத் தொடும் முன்னாலேயே பாட்டு அறுந்துவிடும். நடுவர் விசில் அடிப்பார். "தொண்டை கட்டிக்கிச்சு" என்று சொல்லியே இரண்டு சீசன் ஓட்டினேன்.

2014இல் முதல் தடவை விட்டேன். நான்கு மாதத்தில் 9 கிலோ. உன் நண்பன் சொன்னதையேதான் எனக்கும் ஒருவன் சொன்னான். எடை குறையட்டும் என்று நாளைக்கு இரண்டு என்று ஆரம்பித்தேன். அந்த இரண்டு ஒரு மாதத்தில் எட்டு ஆனது. எடை எவ்வளவு இறங்கியது தெரியுமா? 2 கிலோ. 7 கிலோ அப்படியே நின்றது, இருமல் வட்டியோடு வந்தது. மறுபடி விட 2019 ஆகிவிட்டது. அதனால் அந்தக் கணக்கைப் போடாதே.

அந்த 9 கிலோ எங்கிருந்து வந்தது என்று பிறகு யோசித்தால் கடலை மிட்டாய். வாய் சும்மா இருக்க முடியாமல் டீக்கடையில் நாளைக்கு ஐந்து. நிகோடின் பசியை அமுக்கி வைக்கும், உடம்பு எரிக்கிற வேகத்தையும் கொஞ்சம் கூட்டி வைக்கும். இரண்டும் ஒரே நாளில் போனால் எடை ஏறத்தான் செய்யும். விடுகிறவர்களுக்கு முதல் வருடத்தில் சராசரி நான்கைந்து கிலோ ஏறும் என்று டாக்டர் சொன்னார், அதிலும் பெரும்பகுதி முதல் மூன்று மாதத்தில். நீ நான்கில் நிற்கிறாய். ஊரோடு ஒத்துதான் போகிறாய்.

இப்போது பட்டினி கிடக்காதே. பசியும் தம் ஆசையும் வயிற்றில் ஒரே இடத்தில்தான் கிள்ளும், எது எது என்று தெரியாது. மூன்று மாதம் சாப்பாட்டின் அளவைக் குறைக்காமல், என்ன சாப்பிடுகிறாய் என்பதை மட்டும் மாற்று. உனக்கு 72 கிலோ, கிலோவுக்கு 1.6 கிராம் கணக்கு வைத்தால் நாளைக்கு 115 கிராம் புரதம். 4 முட்டையில் 24, 50 கிராம் மீல்மேக்கரில் 26, இப்படிக் கூட்டிக்கொண்டே போ. பையில் அவித்த கடலை. மிட்டாய் அல்ல, அவித்தது. எடை மெஷினில் ஏறுவதை விட்டுவிட்டு டெய்லர் டேப்பால் தொப்புளுக்கு நேரே அளந்து வாரம் ஒரு முறை எழுது.

இன்னொன்று. பெட்டிக்கடைக் கம்பத்தில் தேங்காய் நார்க் கயிறு தொங்கும், நுனி கனிந்துகொண்டே இருக்கும், தெரியும்தானே? என்னை இழுத்தது சிகரெட்டை விட அந்தக் கயிறுதான். அதைப் பிடித்து வாய்க்கிட்டே கொண்டுபோகிற அந்தக் குனிவு. அதனால் கயிறு தொங்காத பக்கமாகப் போய் நிற்பேன். டீ டம்ளரை இடது கையிலிருந்து வலது கைக்கு மாற்றினேன். தம் பிடித்த கையில் சூடாக எதையாவது கொடுத்தால் அது கொஞ்சம் அடங்கும். சிரிக்காதே, செய்து பார். ஆசை கிளம்பினால் மூன்று, ஐந்து நிமிடம்தான் உச்சம். விறுவிறு என்று காம்பவுண்டை இரண்டு சுற்று நடந்தால் கடந்துவிடும்.

பாக்கெட்டிலேயே 1800 11 2356 என்று ஒரு இலவச எண் அச்சடித்திருப்பான். பல மாதம் அதைக் கசக்கித்தான் எறிந்தேன். இரண்டாம் தடவை விடும்போது கூப்பிட்டேன். தமிழிலேயே பேசினார்கள், அவர்களே திரும்பத் திரும்பக் கூப்பிட்டும் கேட்டார்கள். வெட்கப்படாதே.

புகைவண்டி:

ரெய்டர் அண்ணா, நானும் ஆறு மாசமா விடணும்னு இருக்கேன். அந்த நம்பரைக் குறிச்சுக்கிட்டேன்.

லேத்து_பையன்:

அக்கா, அண்ணா, மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். இடையில் நைட் ஷிஃப்ட்.

ப்ரீ ஒர்க்கவுட் டப்பாவை மாஸ்டரிடமே கொடுத்துவிட்டேன். முதல் மூன்று நாள் தலைவலி, அக்கா சொன்ன மாதிரியே. ஐந்தாம் நாள் ராத்திரி பத்தரைக்குப் படுத்தவன் அலாரம் அடித்துத்தான் எழுந்தேன். ஒர்க்‌ஷாப்பில் ஒரே ஷாஃப்ட்டை மூன்று முறை அளந்தேன், மூன்று முறையும் ஒரே அளவு. சூப்பர்வைசர் "என்னப்பா, ஷாஃப்டப் பாத்துச் சிரிச்சிட்டிருக்க" என்றார். 12 வருடமாகக் காபி என்னை ஒன்றும் செய்யாது என்று பீற்றிக்கொண்டிருந்தேன். தாங்கியது நான் இல்லை, சிகரெட் என்று இப்போதுதான் தெரிகிறது.

சுவிங்கம் அந்த மாதிரி ஒதுக்கி வைத்தால் நிஜமாகவே வேலை செய்கிறது. விக்கலும் இல்லை. இப்போது நாளைக்கு மூன்று.

ஒன்று மறைக்கக் கூடாது. 44வது நாள் மாமா பையன் கல்யாணத்தில், பந்தி முடிந்து மண்டபத்துக்குப் பின்னால் நான்கு பேர் நின்றார்கள், ஒன்று வாங்கி அடித்துவிட்டேன். பாதியிலேயே தலை சுற்றியது. எறிந்துவிட்டேன். நோட்டில் "1/2" என்று எழுதி வைத்திருக்கிறேன். நாள் கணக்கை முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்கிறான் நண்பன். நான் தொடங்கவில்லை.

எடை இப்போது 73. இடுப்பு டேப்பில் 34 அங்குலம், மூன்று வாரமாக அசையவில்லை. ஸ்குவாட் அதே 60 கிலோவில் 20 ரெப்ஸ் வந்துவிட்டது. 15க்கு மேல் தொடை எரிகிறது, மூச்சு இருக்கிறது. அந்தப் பிளஸ் டூ பையனும் நானும் இப்போது மாறி மாறி எண்ணுகிறோம். அவன் 17லிருந்து நேராக 19க்குத் தாவுகிறான், திட்ட வேண்டியிருக்கிறது.

அண்ணா, வலது கை டம்ளர் விஷயம் வேலை செய்கிறது. ஆனால் மீல்மேக்கர் மட்டும் வயிற்றை உப்ப வைத்து ஷிஃப்ட் முழுக்க மானத்தை வாங்குகிறது. அதற்கு ஏதாவது வழி உண்டா?

பழைய_ரெய்டர்:

வெந்நீரில் ஊறவைத்து, பிழிந்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடி ஒரு தடவை கழுவு. ஒரே நேரத்தில் 50 கிராமையும் போடாதே, இரண்டு வேளையாகப் பிரி. இஞ்சி, பூண்டு தட்டிப் போடு. அப்படியும் உப்பினால் அதைத் தலைமுழுகிவிட்டு முட்டையில் இரண்டைக் கூட்டு.