மறு: செயலி விழுங்கி – ‘அடங்காச் செயல்முறை’ எனலாமா?

அன்பு நண்பர்களுக்கு,

லினக்ஸ் மொழிபெயர்ப்புக்காக இந்த மடல் இழையில் இரண்டு சொற்களைத் தேடுகிறோம்: பின்னணியில் தானாக ஓடும் நிரலான ‘டீமனுக்கு’ ஒன்று, கணினியைத் திணறடிக்கும் செயல்முறைக்கு (ஓடிக்கொண்டிருக்கும் நிரலுக்கு) ஒன்று. வந்த யோசனைகளுக்கு என் பதில் கீழே.

> டீமனுக்குப் ‘பேய்நிரல்’ என்றே போட்டுவிடலாம். மூலத்திலும் பேய்தானே?

மூலத்தில் பேய் இல்லை, ஐயா. 1963-இல் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தின் ப்ராஜெக்ட் மேக் கணினி ஆய்வுக் குழுவினர் ஐபிஎம் 7094 கணினியில் வேலை செய்தபோது வைத்த பெயர் அது. இயற்பியலாளர் மேக்ஸ்வெல் வெப்ப இயக்கவியலுக்காகக் கற்பனை செய்த குட்டிப் பூதம்தான் அதற்குத் தூண்டுதல் என்று அந்தக் குழுவின் ஃபெர்னாண்டோ கோர்பட்டோ பின்னாளில் சொல்லியிருக்கிறார். அந்தப் பூதம் யாரையும் பிடித்து ஆட்டாது. இரண்டு அறைகளுக்கு நடுவே ஒரு சின்னக் கதவருகில் நின்று, வேகமான மூலக்கூறுகளை ஒரு பக்கமும் மெதுவானவற்றை மறுபக்கமும் அனுப்பிக்கொண்டே இருக்கும். அவர்கள் எழுதிய முதல் டீமனும் சாதுவானதுதான்: கோப்புகளைத் தானாகவே காந்த நாடாவில் காப்பெடுக்கும் நிரல். அதைப் போய்ப் பேய் என்றால் பாவம். தவிர, “பேய்நிரல் ஓடுகிறது, கொல்லவா?” என்று திரையில் வந்தால் என் அம்மா கணினியை அணைத்துவிட்டு வேப்பிலை தேடுவார்.

> ‘ஏவல்நிரல்’ நன்றாக இருக்கிறது. ஆனால் ஏவல் வினை இலக்கணத்தில் வருகிறதே, நாளைக்கு வேறொரு நிரலாக்க முறைக்கு அதே சொல் வேண்டியிருந்தால்?

நியாயமான கேள்வி. கட்டளைகளை வரிசையாக அடுக்கும் நிரலாக்க முறைக்கு ‘ஏவல் நிரலாக்கம்’ என்று ஒருவர் பெயர் வைக்கலாம்தான். ஆனால் அதற்குக் ‘கட்டளை’ என்ற சொல் கையிலேயே இருக்கிறது. என் ஓட்டு ஏவல்நிரலுக்கு. ஏவினால் எழுந்து வேலை செய்துவிட்டு மறுபடி ஓரமாகப் போய்ப் படுத்துக்கொள்வது என்ற பொருள் அதிலேயே கிடைக்கிறது. ஏவல், பில்லி, சூனியம் என்று நம்மூர்ப் பேச்சில் இருக்கும் அமானுஷ்ய வாடையும் கொஞ்சம் ஒட்டிக்கொள்கிறது; மூலச்சொல்லின் குறும்பு முழுக்கப் போய்விடவில்லை. எஸ்எஸ்எச்டி (தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய விடுவது), சிஸ்டம்டி (மற்றச் சேவைகளை எழுப்பி மேற்பார்ப்பது) போன்ற நிரல்பெயர்களின் கடைசி ‘டி’ டீமனைக் குறிப்பது. அந்தப் பெயர்களில் கை வைக்க வேண்டாம்.

சரி, இழையின் உண்மையான சிக்கலுக்கு வருகிறேன்.

> செயலியை அதிகம் எடுத்துக்கொள்ளும் பின்னணிச் செயல்முறைக்குச் ‘செயலி விழுங்கி’.

இதில் எனக்கு இரண்டு முட்டுக்கட்டைகள். முதலாவது சின்னது: ‘செயலி’ என்றால் இன்றைக்குச் செய்தித்தாள் படிக்கிறவருக்குக் கைப்பேசியில் நிறுவுகிற ஆப்தான் நினைவுக்கு வரும். ‘நுண்செயலி’ என்றால் பிழைத்தது. பள்ளிப் பாடநூலின் ‘மையச் செயலகம்’ எனக்குப் பிடித்த சொல்தான், ஆனால் கோட்டையில் கோப்பு நகரவில்லை என்ற நினைப்பு வருவதைத் தவிர்க்க முடியவில்லை.

இரண்டாவதுதான் பெரிது. ‘விழுங்கி’ என்றால், அதிகம் தின்பதே குற்றம் என்றாகிவிடுகிறது. இழையைத் தொடங்கியவர் ஒட்டியிருந்த டாப் (ஓடும் செயல்முறைகளைப் பட்டியலிடும் கருவி) வெளியீட்டைப் பாருங்கள். முதல் வரியில் கோப்புகளுக்கு அட்டவணை போடும் டிராக்கர். நுண்செயலிப் பயன்பாட்டைக் காட்டும் சிபியூ நெடுவரிசையில் 98.7 விழுக்காடு, நிலை ‘ஆர்’, அதாவது ஓடிக்கொண்டிருக்கிறது. ஆனால் அதே வரியில், முன்னுரிமையைக் குறிக்கும் நைஸ் மதிப்பு 19 என்று இருக்கிறது. நைஸ் -20 முதல் 19 வரை போகும். 19 என்றால் கடைசி முன்னுரிமை. பெரும்பாலும் வேறு யாருக்கும் வேலை இல்லாத நேரத்தைத்தான் அது எடுத்துக்கொள்கிறது. நீங்கள் ஒரு கோப்பைத் திறந்தால் ஒதுங்கிவிடும். 98.7 என்பதும் நுண்செயலியின் ஓர் உள்ளகத்தின் (கோர்) கணக்கு. நான்கு உள்ளகம் உள்ள கணினியில் டாப் 400 வரை காட்டும். புதிதாக நிறுவிய கணினியில் முதல் அட்டவணை முடியும்வரை இப்படி ஓடுவது இயல்பு. விசிறி சத்தம் போடும், மின்கலம் இறங்கும், அது தொந்தரவுதான். ஆனால் கணினி தடுமாறுவதற்குக் காரணம் அது இல்லை.

இன்னொரு வகை கே-ஸ்வாப்-டி. பட்டியலின் உச்சியில் இது நின்றால் எல்லோரும் இதன் மேல் பாய்கிறார்கள். இது கருநிரலின் (இயங்குதளத்தின் மையமான கெர்னலின்) சொந்த இழை, அதாவது அதற்குள்ளேயே ஓடும் வேலை. உடனே கொல்லும் ஒன்பதாம் எண் சைகையை அனுப்பினாலும் சாகாது. நினைவகம் நிரம்பி வழியும்போது எதை வெளியே தள்ளலாம் என்று தேடி அலைகிறது. குற்றவாளி கீழே, நினைவக நெடுவரிசையில் பெரிய எண்ணோடு கமுக்கமாக உட்கார்ந்திருக்கும், பெரும்பாலும் நாற்பது தாவல் திறந்த உலாவி. (மின்நாணயம் தோண்டும் தீநிரல்கள் இதே பெயரை வைத்துக்கொண்டு ஒளிவதும் உண்டு. உண்மையான கருநிரல் இழையை, செயல்முறைகளைப் பட்டியலிடும் பிஎஸ் கட்டளை சதுர அடைப்புக்குள் காட்டும். ப்ராக் அடைவில் அதன் செயல்முறை எண்ணுக்குள் போய் எக்ஸ்இ என்ற இணைப்பைப் பார்த்தால் அது எந்தக் கோப்பையும் சுட்டாது. போலி என்றால் அங்கே சாயம் வெளுத்துவிடும்.)

மூன்றாவது, டாப்பில் ‘டி’ நிலையில் மாட்டிக்கொண்டவை (இது டீமனின் ‘டி’ இல்லை). வட்டு பதில் சொல்வதற்காகக் காத்திருக்கின்றன. ஓடும், காத்திருக்கும் வேலைகளின் எண்ணிக்கையைக் காட்டும் சுமை சராசரியை லினக்ஸ் இவற்றையும் சேர்த்தே கணக்கிடுவதால் சுமை ஏறிக்கிடக்கும், கணினி நகராது, நுண்செயலியோ சும்மா இருக்கும். விழுங்க எதுவுமே இல்லாத இடத்தில் விழுங்கியைத் தேடிக்கொண்டிருப்போம்.

ஆக, எவ்வளவு தின்கிறது என்பதை வைத்துப் பெயர் வைத்தால் பயனரைத் தவறான வரிக்கு அனுப்புவோம். ஏவல்நிரலின் நல்ல குணம் வேலை முடிந்ததும் ‘எஸ்’ நிலைக்குப் போய் உறங்குவது. கெட்டுப்போனது உறங்காது. நாய் வாலை நிமிர்த்தப் போன பூதத்தின் கதைதான்: முடியாத வேலையைக் கொடுத்துவிட்டால் அது சுற்றிக்கொண்டே இருக்கும். அதனால்தான் ‘அடங்காச் செயல்முறை’ என்கிறேன். அடங்காப்பிடாரி என்று வாய்நிறையத் திட்டும் வீட்டில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. நுண்செயலி என்றோ நினைவகம் என்றோ சொல்லாததால் இரண்டுக்கும் பொருந்தும். டிராக்கர் போன்றவற்றுக்கு “இன்னும் அடங்கவில்லை, பொறுத்திருங்கள்” என்று அதே வினையாலேயே எழுதலாம்.

உதவிப்பக்கத்துக்கு நான் எழுதிய வரைவு இது:

“கணினி சூடாகிறதா, தடுமாறுகிறதா? டாப்பைத் திறந்து சற்று நேரம் கவனியுங்கள். ஒரே செயல்முறை விடாமல் உச்சியில் இருந்தால் அதன் நிலையையும் நைஸ் மதிப்பையும் பாருங்கள். அட்டவணை போடும் நிரல் என்றால் அடங்க விடுங்கள். வேலை ஏதும் இல்லாமலே சுற்றுகிறது என்றால் எஸ்ட்ரேஸ் (ஒரு செயல்முறை கருநிரலிடம் என்னென்ன கேட்கிறது என்று காட்டும் கருவி) மூலம் எட்டிப் பாருங்கள். ஒரே கோப்பைத் திறக்க முயன்று தோற்று, மறுபடி முயல்வது தெரிந்தால் அது அடங்காச் செயல்முறை. முதலில் பதினைந்தாம் எண் சைகை அனுப்புங்கள். திறந்த கோப்புகளை மூடிவிட்டு விலக அதற்கு வாய்ப்புக் கிடைக்கும். கேட்காவிட்டால் மட்டும் ஒன்பது. நிறுத்திய உடனே வேறு செயல்முறை எண்ணோடு திரும்பி வந்தால், சிஸ்டம்டி அதை மீண்டும் எழுப்புகிறது என்று பொருள். அப்போது செயல்முறையைக் கொன்று பயனில்லை, சேவையையே நிறுத்த வேண்டும். நிறுத்த முடியாத சேவை என்றால் அதன் அமைப்புக் கோப்பில் சிபியூகோட்டா என்ற வரம்பை 20 விழுக்காடு என்று வைத்தால் ஓர் உள்ளகத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காது.”

‘கொல்’ என்ற சொல்லை நான் மாற்றவில்லை. ‘நிறுத்து’ என்று மென்மையாக்கினால் பதினைந்துக்கும் ஒன்பதுக்கும் உள்ள வேறுபாடு மறைந்துவிடும். பதினைந்துக்கு ‘விலகச் சொல்’, ஒன்பதுக்குக் ‘கொல்’ என்று பொத்தான்களில் போடலாம் என்பது என் எண்ணம்.

மிச்சம் இருப்பது நைஸ். அப்படியே ஒலிபெயர்த்தால் ‘நைஸாகப் பேசி’ என்ற நம் வழக்கோடு குழம்பும். ‘விட்டுக்கொடுப்பு’ என்று வைத்தால், எண் கூடக்கூட அடுத்தவருக்கு விட்டுக்கொடுப்பதும் கூடுகிறது என்று தானாகவே புரியும். 19 ஏன் கடைசி முன்னுரிமை என்று தனியாக விளக்கவும் வேண்டாம். நீளம்தான் உறுத்துகிறது, டாப்பின் குறுகிய நெடுவரிசையில் ‘விட்டு’ என்று சுருக்கினால் வேடிக்கையாக இருக்கும். இதைவிடச் சின்னதாக யாரிடமாவது இருந்தால், மொழிபெயர்ப்புக் கோப்பைப் பூட்டுவதற்குள் சொல்லுங்கள்.

அன்புடன்.