சுவிஸில் வீட்டுச் செலவு: மாதக் கணக்கா, ஆண்டுக் கணக்கா?

வின்ரத்தூர்வாசி:
சுவிஸில் வாழும் நம்மவர் பலர், சம்பளம் வந்ததும் வாடகையையும் மருத்துவக் காப்புறுதியையும் கட்டிவிட்டு, மிஞ்சியது முழுவதையும் அந்த மாதத்துப் பணமாகக் கொள்கிறார்கள். இந்த நாட்டுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. பி எனப்படும் தற்காலிக வதிவிட அனுமதியில் இருக்கும்வரை வரி சம்பளத்திலேயே கழிக்கப்படுகிறது. சி எனப்படும் நிரந்தர வதிவிட அனுமதி கிடைத்ததும் அக்கழிவு நின்றுவிடுவதால் கைக்கு வரும் தொகை திடீரெனக் கூடுகிறது. கூடிய பணம் வரி அலுவலகத்துக்கு உரியது என்பது முதல் வரிச்சிட்டை வரும்போதுதான் பல வீடுகளில் தெரியவருகிறது. ஆகவே வரி, 335 பிராங்கான வானொலி தொலைக்காட்சிக் கட்டணம், வாகனக் காப்புறுதி, அடிப்படை மருத்துவக் காப்புறுதி பொதுவாக ஏற்காத பல் வைத்தியம் ஆகிய எல்லாவற்றையும் ஆண்டுக்குக் கூட்டிப் பன்னிரண்டால் வகுத்து, சம்பள நாளன்றே வேறொரு கணக்குக்கு மாற்றிவிட வேண்டும். உடல்நலம் உள்ளவர்கள் 2500 பிராங் பிரான்சீஸைத் தெரிவுசெய்து, அதாவது ஆண்டின் முதல் 2500 பிராங் வைத்தியச் செலவைத் தாமே ஏற்று, மாதக் காப்புறுதிக் கட்டணத்தையும் குறைத்துக்கொள்ளலாம்.

பேர்ண் அடுப்படி:
தம்பி, உங்கள் திட்டம் இரண்டு சம்பளம் வரும் வீட்டுக்குச் சரி. உணவகச் சமையலறையில் ஒருவர் உழைக்க, நால்வர் வாழும் வீட்டில் அந்தப் பன்னிரண்டில் ஒரு பங்கை எடுத்து வைத்தால், மாதத்தின் கடைசி வாரத்தை எதைக்கொண்டு கடப்பது? ஊருக்கு அனுப்பும் காசு, கலியாண வீட்டு அன்பளிப்பு, சீட்டுக்காசு ஆகியவை உங்கள் பட்டியலில் இல்லவே இல்லை. அவற்றை எழுதாத திட்டம் இரண்டாம் மாதமே குலைந்துபோகும். வரிக்கு 13ஆம் சம்பளம், அதாவது ஆண்டுக்கு ஒருமுறை கூடுதலாகக் கிடைக்கும் ஒரு மாதச் சம்பளம், இருக்கிறது; உணவகத் துறையின் கூட்டு ஒப்பந்தம் அதை உறுதிசெய்கிறது. பிரான்சீஸை நான் 300இலேயே வைத்திருக்கிறேன். குறைக்க வேண்டியது சாப்பாட்டுச் செலவைத்தான். எல்லை தாண்டி ஜெர்மனியில் வாங்கினால் அது நன்றாகவே குறையும்.

வின்ரத்தூர்வாசி:
அண்ணா, பிரான்சீஸ் பற்றிய அச்சத்தை எண்களில் பார்ப்போம். கட்டணக் கழிவு, நாம் கூடுதலாக ஏற்கும் தொகையின் 70 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது சட்டம். 300க்கும் 2500க்கும் இடையே 2200 பிராங் இருப்பதால் ஆண்டுக்கு 1540 பிராங் வரை மிச்சப்படும். பிரான்சீஸ் முடிந்தபின் எதைத் தெரிவுசெய்தாலும் 10 சதவீதம், ஆண்டுக்கு 700 பிராங் வரை, நம் பொறுப்பு. ஆகவே முழுக் கழிவு தரும் காப்புறுதியில் மிகக் கெட்ட ஆண்டிலும் நட்டம் 660 பிராங்தான்; வைத்தியச் செலவு சுமார் 2000 பிராங்குக்குள் நிற்கும் ஆண்டுகளில் இலாபமே. 13ஆம் சம்பளத்தை வரிக்கென்று நம்பியிருப்பதோ, நீங்களே சொன்ன கலியாண வீடுகளால் ஒவ்வோர் ஆண்டும் தோற்கிற திட்டம்.

பாசல் அக்கா:
எல்லைக் கடை பற்றி, எல்லையிலேயே இருப்பவள் சொல்கிறேன். 2025 ஜனவரி 1 முதல் ஒருவருக்கு வரியின்றிக் கொண்டுவரக்கூடிய பெறுமதி 300 பிராங்கிலிருந்து 150 ஆகக் குறைக்கப்பட்டது. அதைத் தாண்டினால் மிகுதிக்கு மட்டுமன்றி முழுத் தொகைக்கும் சுவிஸ் பெறுமதி சேர் வரி கட்ட வேண்டும். இறைச்சி ஒருவருக்கு ஒரு கிலோதான். மீன் அந்தக் கணக்கில் சேராது. ஜெர்மன் வரியைத் திரும்பப் பெறப் பற்றுச்சீட்டு 50 யூரோவுக்கு மேல் இருக்க வேண்டும், சுங்கத்தில் முத்திரையும் வேண்டும். எட்டாம் இலக்க டிராமில் ஏறி எல்லைக்கு அப்பாலுள்ள ஜெர்மன் நகரான வைல் அம் ரைன் போகும் எனக்கு இது இலாபம். பேர்ணிலிருந்து காரில் வருபவருக்கு எரிபொருளையும் ஒரு சனிக்கிழமையையும் கழித்தால் என்ன மிஞ்சும்? அதைவிட, உங்கள் மாநிலத்தில் காப்புறுதிக் கட்டண மானியத்துக்கு உரிமை இருக்கிறதா என்று பாருங்கள். சில மாநிலங்களில் அது தானாக வரும். சிலவற்றில் விண்ணப்பித்தால்தான் கிடைக்கும்.

பேர்ண் அடுப்படி:
எல்லைக் கடை விடயத்தில் அக்கா சொல்வதை ஏற்கிறேன். ஆனால் 660 பிராங்தான் நட்டம் என்பது ஆண்டு முடிவில் எழுதும் கணக்கு. நோய் ஜனவரியில் வந்தால் 2500 பிராங்கும் ஓரிரு மாதங்களுக்குள்ளேயே கேட்கப்படும். வங்கியில் அது இல்லாதவருக்கு நினைவூட்டல் கடிதம் வரும், பிறகு பெத்ரைபுங் எனப்படும் கடன் வசூல் நடவடிக்கை வரும். வீடு தேடும்போது உரிமையாளர் கேட்கும் முதல் தாள்களில் அந்தக் கடன் வசூல் பதிவேட்டின் சான்றும் ஒன்று. ஆகவே உடல்நலத்தை மட்டும் பார்த்துப் பிரான்சீஸைத் தெரிவுசெய்ய முடியாது. கையில் சேர்ந்திருக்கும் பணத்தையும் பார்க்க வேண்டும். மனைவிக்கு மூட்டுவலி, அவருக்கு 300 தொடரும். மகனுக்கு 19 வயது, அவன் வைத்தியரிடம் போவதே அரிது. சீட்டு எடுக்கும் மாதத்தில் 2500 பிராங்கை அவன் பெயரில் ஒதுக்கிய பிறகு, அவனுடையதை உயர்த்துவேன். அந்தப் பணம் சேருமுன் உயர்த்தச் சொல்லும் ஆலோசனையை நான் ஏற்கவில்லை.