1957 பெல் ஏர்: 25 நிமிடம் ஓடியதும் நின்றுவிடுகிறது, உதவி தேவை

டெட்ராய்ட் மாறன்:
எல்லோருக்கும் வணக்கம். வண்டி 1957 செவ்ரோலே பெல் ஏர், நாலு கதவு. 283 கன அங்குல வி8 எஞ்சின், பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்க இரட்டைக் குழல் ரோச்செஸ்டர் கார்பரேட்டர், பவர்கிளைடு ஆட்டோமேட்டிக் கியர்.

காலையில் ஒரே திருப்பில் ஸ்டார்ட் ஆகிறது. 25 நிமிடம் பிரமாதமாக ஓடும். பிறகு திணறி, இரண்டு மூன்று தடவை வெட்டி இழுத்துவிட்டு அடங்கிவிடும். அரைமணி நேரம் விட்டால் ஒன்றுமே நடக்காதது போலக் கிளம்பும். தீப்பொறிக்கான காயில், கண்டென்சர், பாயின்ட், அப்புறம் பெட்ரோல் பில்டர் எல்லாம் மாற்றியாயிற்று. டெம்பரேச்சர் முள் நடுவைத் தாண்டவில்லை. இங்கே ஒரு கராஜில், பழைய மெக்கானிக்கல் பெட்ரோல் பம்பைக் கழற்றிவிட்டு எலக்ட்ரிக் பம்ப் போடச் சொல்கிறார்கள். எனக்கு மனசு வரவில்லை.

ஏனென்றால் இது பக்கத்து வீட்டுப் பெரியவர் 40 வருடம் தன் கையாலேயே பராமரித்த வண்டி. பிளின்ட்டில் செவ்ரோலே ஆலையில் வேலை பார்த்தவர். போன குளிர்காலத்தில் தவறிவிட்டார். அவர் மனைவிதான் சாவியை என்னிடம் கொடுத்தார். முதல் நாள் பெட்ரோல் எங்கே ஊற்றுவதென்றே தெரியாமல் நான் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தபோது, இடது பின்சிறகின் ஓரத்தில் இருந்த குரோம் பட்டையைப் பாட்டி ஒரு விரலால் திறந்து காட்டினார். உள்ளே ஒளிந்திருக்கிறது மூடி!

ஆகஸ்ட் மூன்றாவது சனிக்கிழமை வுட்வர்ட் அவென்யூவில் பழைய கார்களெல்லாம் ஊர்ந்து போகும் விழாவுக்கு இதில் அழைத்துப் போவதாக அவரிடம் சொல்லியிருக்கிறேன். 1995-ல் தொடங்கிய நாளிலிருந்து அவர்கள் இருவரும் தவறவிட்டதில்லையாம். நடுவழியில் நின்றால் அவர் முகத்தை என்னால் பார்க்க முடியாது.

ஹூஸ்டன் கதிர்:
57 பெல் ஏரா! கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். என்ன நிறம்? என்னுடையது 1975 செவ்ரோலே காப்ரிஸ், ஐந்தரை மீட்டருக்கு மேல் நீளம். 73-ல் எண்ணெய்த் தட்டுப்பாடு வந்தது, 77-ல் ஜெனரல் மோட்டார்ஸே தன் பெரிய கார்களைக் குறுக்கிவிட்டது. முன்சீட்டில் மூன்று பேர் தோள் உரசாமல் உட்கார்ந்து போகும் அந்தச் சுகம் இப்போதைய எந்தக் காரிலும் இல்லை.

விஷயத்துக்கு வருகிறேன். இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 10% எத்தனால். அன்றைய பெட்ரோலை விடச் சீக்கிரம் ஆவியாகிவிடும். எஞ்சின் சூட்டில் குழாய்க்குள்ளேயே கொதித்தால் பம்ப் ஆவியைத்தான் இழுக்கும். இங்கே பழைய ஆட்கள் பெட்ரோல் குழாயில் துணி காயப்போடும் மரக் கிளிப்பை வரிசையாக மாட்டுவார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. எத்தனால் கலக்காத பெட்ரோல் கிடைத்தால் ஒரு டேங்க் போட்டுப் பாருங்கள்.

கோவை பழனிச்சாமி:
வணக்கமுங்க தம்பி. நான் 30 வருசம் அம்பாசிடர்ல கை வெச்சவன். அந்த மெக்கானிக்கல் பெட்ரோல் பம்பை நாங்க கம்பெனி பேரை வெச்சு ஏசி பம்புன்னு சொல்லுவோம். ஊட்டி மலை ஏறுறப்ப வண்டி நின்னா, பம்பு மேல ஈரத்துணி சுத்தித்தான் கெளப்புவோம். ஆனா உங்க வண்டியும் அதேதான்னு பார்க்காம முடிவு கட்டக்கூடாதுங்க. பார்ட்டை மாத்திட்டே போறது வைத்தியம் இல்லை.

அடுத்த தடவை நின்ன உடனே சாவியை ஆஃப் பண்ணிட்டு ஏர் கிளீனரைக் கழட்டுங்க. ஆக்சிலரேட்டர் லிவரைக் கையால ஒரு தரம் அமுக்கி உள்ள பாருங்க. ரெண்டு சன்னக் கம்பியாட்டம் பெட்ரோல் பீச்சுச்சுன்னா கார்பரேட்டர்ல சரக்கு இருக்கு, கரண்டுப் பக்கம் தேடணும். அமுக்காமலே தானா சொட்டிட்டு இருந்தா சூட்டுல பொங்குதுன்னு அர்த்தம். அப்ப பெடலைத் தரையோட மிதிச்சுப் புடிச்சு ஸ்டார்ட் பண்ணுங்க, விட்டு விட்டு மிதிக்காதீங்க. வறண்டு கெடந்தா பெட்ரோலே வந்து சேரலை. உடனே போய் டேங்க் மூடியைத் தொறந்து காதைக் கிட்ட வெச்சுக் கேளுங்க.

ஏர் கிளீனர் இல்லாம ஸ்டார்ட் பண்றப்ப யாரும் மேல குனிஞ்சு நிக்கக்கூடாது. பேக்ஃபயர் அடிச்சா நெருப்பு மூஞ்சிக்கு வரும்.

டெட்ராய்ட் மாறன்:
நன்றி ஐயா. நிறம் லார்க்ஸ்பர் நீலம், கூரை மட்டும் தந்த வெள்ளை. அந்த வெள்ளைக்கு 57-ல் செவ்ரோலே வைத்த பெயர் 'இந்தியா ஐவரி'!

இன்று 27-வது நிமிடத்தில் நின்றது. நீங்கள் சொன்னபடியே செய்தேன். லிவரை அமுக்கினால் ஒரு சொட்டுகூட வரவில்லை. கண்ணாடிக் குப்பி பில்டர் பாதிக்கு மேல் காலி. பின்னால் ஓடிப்போய் மூடியைத் திருகினேன். 'உஸ்ஸ்ஸ்' என்று நாலைந்து விநாடி காற்று உள்ளே இழுத்தது. திறந்து வைத்துவிட்டு ஸ்டார்ட் செய்தேன், சிறிது நேரம் சுற்றியதும் பிடித்துக்கொண்டது. காத்திருக்கவே இல்லை!

கோவை பழனிச்சாமி:
அவ்ளோதானுங்க. அந்தக் காலத்து மூடியில காத்துப் போக சின்ன வழி இருக்கும். பெட்ரோல் கொறையக் கொறைய அந்த எடத்துக்குக் காத்து வந்தாத்தான் பம்பு இழுக்க முடியும். இப்ப மாட்டியிருக்கற மூடி யாரு வாங்குனது?

ஹூஸ்டன் கதிர்:
ஐயா சொன்னதுதான் சரி. எழுபதுகளில் பெட்ரோல் ஆவி வெளியே போகக்கூடாது என்று சட்டம் வந்தபின் மூடிகளும் மாறிவிட்டன. அளவு பொருந்துகிறதே என்று அதை மாட்டியிருப்பார்கள். மாறன், இன்னொன்றையும் பாருங்கள். எஞ்சின் புகையை வெளியே கொண்டுபோகும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் அடியில் சுருள் ஸ்பிரிங்கும் எடைக்கட்டியுமாக ஒரு வால்வு இருக்கும். அது துருப்பிடித்து மூடியபடி இறுகினால், சூடான புகை கார்பரேட்டருக்கு அடியிலேயே சுற்றும். எஞ்சின் ஆறியபின் கையால் அசைத்துப் பாருங்கள்.

டெட்ராய்ட் மாறன்:
இரண்டுமே! வால்வு மூடியபடி இறுகிக் கிடந்தது. துரு இளக்கும் எண்ணெய் அடித்து, இரண்டு நாள் தட்டித் தட்டி அசைத்துத் திறந்த நிலையில் கம்பியால் கட்டிவிட்டேன். மூடி, பெரியவர் படுத்திருந்த கடைசி வருடத்தில் யாரோ வாங்கி மாட்டியதாம். பாட்டியிடம் கேட்டேன். கராஜ் அலமாரியிலிருந்து ஒரு காபி டப்பாவை எடுத்து வந்தார். ஆணிகளுக்கும் பழைய பிளக்குகளுக்கும் நடுவில், துணியில் சுற்றி, அசல் மூடி. அதைத்தான் இப்போது மாட்டியிருக்கிறேன்.

நேற்று பாட்டியை முன்சீட்டில் உட்கார வைத்து வுட்வர்டில் ஒரு மணி பத்து நிமிடம் ஓட்டினேன். சிக்னலில் நின்று நின்று போனோம், ஒரு தடவைகூடத் திணறவில்லை. ஏசி இல்லையே, புழுங்குமே என்று கேட்டேன். "கண்ணாடியை இறக்கு, எஞ்சின் சத்தம் கேட்கணும்" என்றார்.

ஒரு சந்தேகம் பாக்கி. வால்வைக் கட்டியே வைத்தால் குளிர்காலத்தில் தொந்தரவு வருமா?

ஹூஸ்டன் கதிர்:
எஞ்சின் சூடேறக் கொஞ்சம் கூடுதல் நேரம் எடுக்கும், அதுவரை திணறலாம். உங்கள் ஊர்ப் பனியில் ஓட்டுவதாக இருந்தால் நவம்பரில் கம்பியை அவிழ்த்துவிடுங்கள். ஆகஸ்ட் வரை அப்படியே இருக்கட்டும்.